நெஞ்சில் தைத்த சிவப்பு எழுத்து... ஊர் பார்த்தது அவளை. பார்க்கத் தவறியது யாரை?

சிறைக் கதவு திறக்கிறது. வெளியே ஊரே கூடி நிற்கிறது. கையில் மூன்று மாதக் குழந்தையுடன் ஓர் இளம்பெண் வெயிலுக்கு வருகிறாள். அவள் மார்பில் சிவப்புத் துணியில் வெட்டி, தங்க இழையில் வேலைப்பாடு செய்த ஓர் ஆங்கில எழுத்து: 'ஏ'. சந்தைத் திடலில் உள்ள தண்டனை மேடையில் மூன்று மணி நேரம் அவள் நிற்க வேண்டும். அதன் பிறகு உயிர் உள்ளவரை அந்த எழுத்தை உடையிலிருந்து எடுக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

கூட்டத்தில் நிற்கும் பெண்கள் சிலருக்கு இது போதவில்லை. 'நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும்' என்கிறாள் ஒருத்தி. 'நம் எல்லோருக்கும் இவளால் அவமானம், இவள் சாக வேண்டியவள்' என்கிறாள் இன்னொருத்தி. மகனோ, மகளோ, ஒரு குழந்தையின் கையைப் பிடித்தபடி நிற்கும் ஓர் இளம் தாய் மட்டும் வேறு மாதிரிப் பேசுகிறாள். அந்த எழுத்தை அவள் மறைத்துக்கொண்டாலும் அதன் வலி அவள் நெஞ்சுக்குள் இருக்கத்தானே செய்யும் என்று மெல்லிய குரலில் சொல்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த இளம் தாயை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவளிடம் திரும்பி வருவோம்.

இது அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1850-ல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் தொடக்கக் காட்சி. கதை நடப்பது அதற்கும் 200 ஆண்டுகள் முன்பு, 1640-களின் பாஸ்டன் நகரத்தில். ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலர் தேர்வுக்காக இதைப் படித்து, தேர்வோடு மறந்தும் இருப்பார்கள். ஆனால், ஒரு வீடியோ வைரலானால் அதில் இருப்பவரின் பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் மாலைக்குள் கண்டுபிடித்துவிடும் இந்தக் காலத்தில், மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டிய கதை இது.

யார் இந்த ஹெஸ்டர்?

அந்தப் பெண்ணின் பெயர் ஹெஸ்டர் பிரின். இங்கிலாந்தில் வயதில் மிக மூத்த ஓர் அறிஞருக்கு மணம் முடிக்கப்பட்டவள். கணவர் அவளை முன்னால் பாஸ்டனுக்கு அனுப்பிவைக்கிறார். 'பின்னால் வருகிறேன்' என்றவர் வரவேயில்லை. கடலில் இறந்திருப்பார் என்று ஊர் நினைக்கிறது. இந்த நிலையில்தான் ஹெஸ்டருக்குக் குழந்தை பிறக்கிறது.

பாஸ்டனை ஆண்டவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்து திருச்சபை போதுமான அளவு தூய்மையாக இல்லை என்று சொல்லி, கடல் கடந்து வந்து புதிய சமுதாயம் கட்டியவர்கள். அவர்களுக்கு ஒருவரின் பாவம் என்பது அவரோடு முடிந்துபோகும் சங்கதி கிடையாது. ஒருவர் தவறினால் ஊர் முழுவதும் கடவுளின் கோபத்துக்கு ஆளாகும் என்று நம்பினார்கள். அதனால் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே கடமையாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் மாசசூசெட்ஸில் சட்டமே போட்டார்கள் என்றால், அவர்களின் கண்டிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

மேடையில் நிற்கும் ஹெஸ்டரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: குழந்தையின் அப்பா யார்? அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு, ஊரே கொண்டாடும் இளம் பாதிரியார் ஆர்தர் டிம்ஸ்டேலிடம் கொடுக்கப்படுகிறது. மேடைக்கு மேலே உள்ள பால்கனியில், ஆளுநரோடு ஒன்றாக இருந்த அவர் முன்னால் வந்து, உருக்கமாகக் கேட்கிறார். ஹெஸ்டர் வாய் திறக்க மறுக்கிறாள்.

அவர்தான் அந்தக் குழந்தையின் அப்பா.

ஊர் யாரைத் தேடியதோ, அவர் ஊரின் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். ஒருவர்கூட அவரைச் சந்தேகிக்கவில்லை. அவர் மார்பில் எழுத்து எதுவும் இல்லையே!

வெளியே தெரிந்த காயம்... உள்ளே புரையோடிய காயம்!

அதன் பிறகு ஏழு ஆண்டுகள். இந்த ஏழு ஆண்டுகளில் இரண்டு பேருக்கும் என்ன ஆனது என்பதுதான் நாவலின் உயிர்.

ஹெஸ்டர் ஊரைவிட்டு ஓடவில்லை. ஊர் எல்லையில், கடலோரமாக ஒரு சிறிய குடிசையில் மகள் பேர்லுடன் வாழ்கிறாள். கைத்தொழில் தையல். அவள் ஊசி வேலைக்கு ஊரில் ஏக மதிப்பு. ஆளுநர் அணியும் உடையிலும், பிறந்த குழந்தையின் தொப்பியிலும், இறந்தவரின் சவத்துணியிலும் அவள் கைவேலை இருக்கிறது. ஆனால், மணப்பெண்ணின் முகத்திரையை மட்டும் அவளிடம் தைக்கக் கொடுக்கமாட்டார்கள். அவள் உழைப்பு வேண்டும். அவள் கை மங்கல காரியத்தில் படக்கூடாது. இந்த மாதிரி விலக்கிவைத்தலை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தெருவில் சிறுவர்கள் அவளை விரட்டிக் கத்துகிறார்கள். உதவி பெறும் ஏழைகளே அவளைத் திட்டுகிறார்கள். அவள் பதில் பேசுவதில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரவில் போய்த் துணை இருக்கிறாள். மெல்ல மெல்ல ஊரின் பேச்சு மாறுகிறது. அந்த 'ஏ' என்பது அவளுடைய திறமையைக் குறிக்கும் 'ஏபிள்' என்ற சொல்லின் முதல் எழுத்து என்று சிலர் சொல்லத் தொடங்குகிறார்கள். எழுத்து அதேதான். அதைச் சுமந்த விதத்தில் அதன் பொருளை அவள் மாற்றிவிட்டாள்.

டிம்ஸ்டேலுக்கு நடந்தது நேர்மாறு. அவருக்கு வெளியே எந்தத் தண்டனையும் இல்லை. அதனால் தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறார். சாப்பிடாமல் கிடக்கிறார், தூங்காமல் விழித்திருக்கிறார், பூட்டிய அறையில் சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்கிறார். நாளுக்கு நாள் உடல் கரைகிறது. அடிக்கடி கை நெஞ்சுக்குப் போகிறது.

'நான் பெரும் பாவி' என்று பிரசங்க மேடையில் பல முறை சொல்கிறார். ஆனால், என்ன பாவம் என்று சொல்வதில்லை. சபையோர் அதைக் கேட்டு, 'இவ்வளவு பெரிய மகான் தன்னையே பாவி என்கிறாரே, எவ்வளவு பணிவு!' என்று இன்னும் அதிகமாகக் கொண்டாடுகிறார்கள். அது அவருக்கும் தெரியும். பாதி உண்மையைச் சொல்லி முழுப் பாராட்டை வாங்கிக்கொள்கிறோம் என்ற குற்ற உணர்வும் சேர்ந்து அவரை அரிக்கிறது.

ஒரு நள்ளிரவில், யாரும் இல்லாத நேரத்தில், ஹெஸ்டர் நின்ற அதே மேடையில் ஏறி நிற்கிறார். தற்செயலாக அந்த வழியே வரும் ஹெஸ்டரும் பேர்லும் அவரோடு கைகோத்து நிற்கிறார்கள். 'நாளை மதியம் எங்களோடு இப்படி நிற்பீர்களா?' என்று குழந்தை கேட்கிறது. அவரால் முடியாது என்கிறார். மறுநாள் காலை, மேடையில் கிடந்த அவருடைய கறுப்புக் கையுறையை ஆலயப் பணியாளர் கொண்டுவந்து கொடுக்கிறார். 'உங்கள் பெயரைக் கெடுக்கச் சாத்தான்தான் இதைத் திருடி அங்கே போட்டிருக்க வேண்டும்' என்று விளக்கமும் அவரே சொல்லிவிடுகிறார். சாட்சி கையில் கிடைத்த பிறகும் ஊருக்குக் கண் தெரியவில்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அது முன்பே முடிவு செய்துவிட்டதே!

மூன்றாவது ஆள்!

கதையில் இன்னொருவர் இருக்கிறார். இறந்துவிட்டதாக நினைத்த கணவர். ஹெஸ்டர் மேடையில் நின்ற அன்றே ஊருக்குள் வந்து, கூட்டத்தில் நின்று அவளைப் பார்க்கிறார். ரோஜர் சில்லிங்வொர்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு மருத்துவராக ஊரில் தங்குகிறார். தான் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று ஹெஸ்டரிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார். பாதிரியாரின் மேல் சந்தேகம் வந்ததும், வைத்தியம் பார்க்கிறேன் என்று அவருடன் ஒரே வீட்டில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் மனதைக் குடைந்து குடைந்து வதைக்கிறார்.

கணவராக அவருக்கு நேர்ந்தது துரோகம். கோபப்பட அவருக்கு நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயத்தையே தொழிலாக்கிக்கொண்ட பிறகு, மூன்று பேரில் மிக மோசமாகச் சீரழிவது அவர்தான். இன்னொரு மனிதரின் நெஞ்சுக்குள் திட்டமிட்டு நுழைந்து வதைத்த அவர் பழிவாங்கல், தங்கள் பாவத்தைவிடக் கொடியது என்று டிம்ஸ்டேலே ஓரிடத்தில் ஹெஸ்டரிடம் சொல்கிறார். இரை இறந்ததும் வேட்டைக்காரருக்கும் வாழக் காரணம் இல்லாமல் போகிறது. ஒரே ஆண்டுக்குள் சில்லிங்வொர்த்தும் இறந்துவிடுகிறார்.

இறுதியில் டிம்ஸ்டேல் என்ன செய்கிறார்? ஹெஸ்டரும் அவரும் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குத் தப்பிவிடத் திட்டமிடுகிறார்கள். ஆனால், வாழ்நாளின் மிகச் சிறந்த பிரசங்கத்தை முடித்து, ஊரே புகழின் உச்சியில் வைத்திருக்கும் நேரத்தில், அவர் நேராகத் தண்டனை மேடைக்குப் போகிறார். பட்டப்பகலில், ஹெஸ்டர், பேர்ல் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறார். அங்கேயே உயிர் பிரிகிறது. அப்போதும் சிலர், அவர் மார்பில் எதுவும் இல்லை, நாம் எல்லோருமே பாவிகள் என்று உணர்த்தத்தான் அப்படிச் செய்தார் என்று சாதிக்கிறார்கள்!

1995-ல் டெமி மூர் நடித்த ஹாலிவுட் படத்தில் இந்த முடிவை மாற்றி, காதலர்கள் ஒன்றாக ஊரைவிட்டுப் போவதுபோல எடுத்தார்கள். பார்க்க சந்தோஷமாக இருக்கலாம். ஆனால், ஏழு ஆண்டுகள் ஒருத்தி தனியாக நின்ற மேடையில் ஒருநாளாவது அவர் வந்து நிற்க வேண்டாமா? ஹாதார்ன் கேட்ட கேள்வி அதுதான். படம் அதை விட்டுவிட்டது.

நிஜத்தில் இப்படி நடந்ததா?

நடந்தது. சொல்லப்போனால், நாவலைவிடக் கொடூரமாக நடந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அந்தக் காலச் சட்டப்படி மணம் தாண்டிய உறவுக்கு மரண தண்டனை. மேரி லாதம், ஜேம்ஸ் பிரிட்டன் என்ற இருவர் 1644-ல் இதற்காகவே தூக்கிலிடப்பட்டார்கள். பக்கத்தில் இருந்த பிளிமத் குடியேற்றத்தில் 1658-ல் வந்த சட்டம், இந்தக் குற்றத்துக்குக் கசையடியோடு 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்துகளை மேலாடையில் தைத்து அணிய வேண்டும் என்றது. மாசசூசெட்ஸின் 1694-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் துல்லியம்: கழுத்தில் கயிற்றோடு தூக்குமேடையில் ஒரு மணி நேரம், 40 வரை கசையடி, பிறகு இரண்டு அங்குல உயரத்தில் 'ஏ' என்ற எழுத்து, அதுவும் பளிச்சென்று தெரிவதற்காக, உடைக்கு மாறான நிறத்தில்!

ஆனால், எல்லோருக்குமா இந்தக் கண்டிப்பு? நாவலில் ஹெஸ்டருக்கு மேலே பால்கனியில் அமர்ந்திருக்கும் ஆளுநர் ரிச்சர்டு பெல்லிங்ஹம், உண்மையில் வாழ்ந்தவர். வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை 1641-ல் அவர் மணந்துகொண்டார். முறைப்படி முன்கூட்டியே அறிவிப்பும் கொடுக்கவில்லை. ஆட்சியாளர் என்ற முறையில் தன் திருமணத்தைத் தானே நடத்தியும்கொண்டார். வழக்கு வந்தபோது, நீதிபதி இருக்கையை விட்டு இறங்க மறுத்துவிட்டார். தன் வழக்குக்குத் தானே நீதிபதி! வழக்கு அப்படியே அமுங்கிப்போனது. இறங்க வேண்டிய கட்டாயம் மேடையில் நின்றவர்களுக்குத்தான். இருக்கையில் இருந்தவர்களுக்கு இல்லை.

எழுதியவர் சுமந்த பழி!

ஹாதார்ன் இந்தக் கதையை ஏன் எழுதினார் என்பதற்கு, அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. அவர் பிறந்தது 1804-ல், சேலம் என்ற ஊரில். நம் சேலம் இல்லை. மாசசூசெட்ஸில் உள்ள துறைமுக நகரம். அங்கே 1692-ல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி நடந்த விசாரணைகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஒரு முதியவர், உடல்மேல் பாறைகளை அடுக்கிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்து வறுத்தெடுத்த நீதிபதிகளில் முக்கியமானவர் ஜான் ஹாதார்ன். எழுத்தாளரின் எள்ளுத்தாத்தா!

அதே நீதிமன்றத்தில் இருந்த இன்னொரு நீதிபதி சாமுவேல் சீவல். 1697 ஜனவரியில், பாஸ்டன் தேவாலயத்தில் சபை முழுவதும் பார்க்க எழுந்து நின்றார். பழியையும் அவமானத்தையும் ஏற்றுக்கொள்வதாக அவர் எழுதிக் கொடுத்ததைப் பாதிரியார் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவரை இழுத்து வந்து நிறுத்தவில்லை; அவராகவே நின்றார். ஜான் ஹாதார்ன் அப்படி நின்றதாகப் பதிவு எதுவும் இல்லை. அவர் பேரனின் பேரன், தன் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'டபிள்யூ'வைச் சேர்த்துக்கொண்டார். முன்னோரிடமிருந்து விலகி நிற்கத்தான் என்று பலர் சொல்வதுண்டு. நாவலின் முன்னுரையில், முன்னோர் செய்தவற்றுக்கான அவமானத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாக வெளிப்படையாகவே எழுதினார்.

நாவலை எழுதியபோது அவர் நிலைமையும் சரியில்லை. சேலம் சுங்க அலுவலகத்தில் பார்த்த வேலை, ஆட்சி மாறியதும் 1849 ஜூனில் பறிபோனது. அடுத்த மாதமே அம்மா இறந்துபோனார். மனைவி சோஃபியா வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம்தான் அப்போது கைகொடுத்தது என்று சொல்வார்கள். எழுதி முடித்து, கடைசிப் பகுதியை மனைவிக்குப் படித்துக்காட்டினார். மனமுடைந்துபோன சோஃபியா, கடும் தலைவலியோடு படுக்கைக்குப் போய்விட்டார் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார் ஹாதார்ன். 1850 மார்ச்சில் புத்தகம் வெளியானது. முதலில் அச்சிட்ட 2,500 பிரதிகளும் சுமார் பத்து நாள்களில் விற்றுத்தீர்ந்தன.

மேடை இப்போது எங்கே இருக்கிறது?

கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி நடுத்தெருவில் நிறுத்தும் தண்டனையை, இங்கிலாந்து 1837-ல் ஒழித்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அது 1905 வரை இருந்தது. இப்போது சந்தைத் திடலில் மேடை இல்லை. ஆனால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு பெண்ணின் வீடியோ வருகிறது. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, தெரியாது. கீழே ஒரு வரி: 'இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் சும்மா விடக் கூடாது.' நாமும் இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிடுகிறோம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்றார்கள் பெரியவர்கள். அந்த ஊர் வாயில் இன்று நம் கட்டைவிரலும் சேர்ந்திருக்கிறது.

தவறு செய்பவரைக் கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும். ஹாதார்னும் ஹெஸ்டர் தவறே செய்யவில்லை என்று எழுதவில்லை. ஆனால், கூட்டமாகக் கூடிக் கல்லெறிவதால் உண்மை வெளியே வந்துவிடாது என்று காட்டினார். மேடையில் ஒருத்தியை நிறுத்திவிட்டோம் என்ற திருப்தியில், பால்கனியில் இருப்பவரைப் பார்க்க ஊர் மறந்தேவிட்டது. டிம்ஸ்டேலைப் பேச வைத்தது ஊரின் பயமுறுத்தல் அல்ல. சொல்லப்போனால், ஏழு ஆண்டுகள் அவர் வாயைக் கட்டிப்போட்டதே அந்த பயம்தான்.

ஒருமுறை குத்திய முத்திரை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் சேலமே சாட்சி. அந்த விசாரணைகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும், குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல்களில் விட்டுப்போயிருந்தது. நார்த் ஆண்டோவர் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் ஆவணங்களைத் தேடிப் படித்து, சட்டமன்ற உறுப்பினரை அணுகினார்கள். 2022-ல்தான் அவர் குற்றமற்றவர் என்று மாசசூசெட்ஸ் அரசு சட்டப்படி அறிவித்தது. 1693-ல் வந்த தீர்ப்பை நீக்க 329 ஆண்டுகள்!

இனி அந்த இளம் தாயிடம் வருவோம். நாவலின் முடிவில், டிம்ஸ்டேல் மேடை ஏறும் அந்த நாளில், ஏழு ஆண்டுகளுக்கு முன்பு சிறை வாசலில் நின்ற அதே பெண்களின் முகங்களை ஹெஸ்டர் கூட்டத்தில் பார்க்கிறாள். அதே பெண்கள், அதே பார்வை. ஒருத்தி மட்டும் இல்லை. இரக்கத்தோடு பேசிய அந்த ஒருத்தி, இடைப்பட்ட காலத்தில் இறந்துபோயிருக்கிறாள்.

அவளுக்கான சவத்துணியைத் தைத்தது ஹெஸ்டரின் கைகள்தான்.

ஹாதார்ன் இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோய்விடுகிறார். அன்று சிறை வாசலில் அந்தத் தாய் சொன்னதால் தீர்ப்பு எதுவும் மாறவில்லை. ஆனால், அவ்வளவு பெரிய கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஹெஸ்டருக்கு ஏழு ஆண்டுகள் கழித்தும் நினைவிருந்தது. அடுத்த முறை யாரோ ஒருவரின் வீடியோ நம் கைக்கு வரும்போது, அதில் இருப்பவருக்கும் நினைவிருக்கும்.